பச்சையில் சேராத மரங்கள்

நகராட்சித் திட்டப் பிரிவின் கூட்ட அறையில் உயிருள்ள செடி ஒன்றுகூட இருந்ததில்லை. மூலைக்கு மூலை தொட்டி உண்டு, தொட்டிக்குள் பிளாஸ்டிக் இலை உண்டு, அந்த இலையைத் தூசி தட்ட ஓர் ஆளும் உண்டு. ஏசி வீணாகும் என்று ஜன்னல்களை ஆணி அடித்தே மூடியிருந்தார்கள். ஊரைப் பசுமையாக்கப் போகிறவர்கள் வாரா வாரம் கூடிப் பேசியது இந்த அறைக்குள்தான். அவர்கள் வந்திறங்கிய கார்கள் கூட்டம் முடியும்வரை வாசலில் எஞ்சினை அணைக்காமல் உறுமிக்கொண்டு நிற்கும்.

இவர்களுக்கெல்லாம் தலைவர் திட்ட அதிகாரி. எந்த நாட்டில் பசுமை மாநாடு நடந்தாலும் விமானம் ஏறிவிடுவார். திரும்பி வரும்போது கழுத்தில் ஓர் அட்டையும் கையில் ஒரு துணிப்பையும் இருக்கும். அலுவலகத்தில் அவருக்கு மாநாடு என்றே பெயர். சைக்கிளைப் பற்றி மூச்சு விடாமல் பேசுவார். ஏறி உட்காரச் சொன்னால் கால் நடுங்கும்.

அந்தப் பெயரை வைத்தவள் அங்கே வரைபடம் போடும் பெண். வாயைத் திறந்தால் யாரையாவது குத்தாமல் மூடமாட்டாள் என்பதால் அவளை ஊசி என்பார்கள். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. படித்த முட்டாள்களுக்கு நடுவே நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவளுக்கு வேறு என்னதான் சுகம் இருக்கிறது? நேராகப் பேசினால் இந்த ஜென்மங்களின் காதில் ஏறாது என்று எப்போதோ முடிவு கட்டிவிட்டாள். அதனால் குத்திப் பேசினாள். குத்திவிட்டு யார் முகம் எப்படிப் போகிறது என்று பார்த்தாள். பார்த்ததையெல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு போய்ச் சாயங்காலம் புருஷனிடம் அவிழ்த்தாள்.

புருஷனுக்கு சைக்கிள் கடை. கடை என்றால் ஷட்டர் போட்ட கடை இல்லை. இழுத்து மூடப்பட்ட மில்லின் மதில் ஓரமாக வரிசையாக மரங்கள் நிற்கும். அதில் கடைசி மரத்து நிழல்தான் கடை. மதிலில் ஆணி அடித்து டயர்கள் தொங்கும்; கீழே மரப்பெட்டி, பஞ்சர் பார்க்கும் தண்ணீர்த் தொட்டி, காற்றடிக்கும் பம்பு. வெயில் காலம் வந்துவிட்டால் அந்த மரங்கள் இலையே தெரியாமல் சிவப்பாகப் பூத்துத் தள்ளும். அப்போதும் நிழல் குறையாது.

அந்த நிழலை அவர் சும்மா பிடிக்கவில்லை. முன்பு பஸ் நிலையத்துப் பக்கம் வெட்டவெளியில் உட்கார்ந்திருந்தார். ஒரு மத்தியானம் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் அவர் கண் விழிக்கும்வரை அவள் உயிர் அவளிடம் இல்லை. இனிமேல் வெயிலில் உட்கார்ந்தால் அடுத்த தடவை தூக்கிக்கொண்டு வரவேண்டிய அவசியமே இருக்காது என்று டாக்டர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். வேறு தொழில் பாருங்கள் என்றாள், மனுஷன் மசியவில்லை. கடைசியில் இரண்டு பேருமாக ஊரெல்லாம் அலைந்து கண்டுபிடித்த இடம் அது.

அந்த வருஷம் ஊருக்குப் ‘பசுமை நகரம்’ என்ற பட்டத்தை வாங்கியே தீருவதென்று மேயர் ஒற்றைக் காலில் நின்றார். பட்டம் கொடுக்கும் நடுவர் குழு தெருத்தெருவாக நடந்து மரத்தைத் தொட்டா பார்க்கும்? மேலே ட்ரோனைப் பறக்கவிட்டுப் படம் எடுத்து, படத்தைக் கம்ப்யூட்டருக்குள் போடுவார்கள். ஊரில் பச்சை எவ்வளவு என்று அது சொல்லிவிடும். அந்தப் பரீட்சையை முன்கூட்டியே எழுதிப் பார்க்க மாநாடு ஓர் ஆலோசகரை அமர்த்தியிருந்தார். ஆலோசகர் டை கட்டிய ஆள். குடிக்கத் தண்ணீர் வேண்டுமென்றால்கூடத் திரையில் படம் போட்டுத்தான் கேட்பார் போலிருந்தது.

பரீட்சையில் ஊர் தேறவில்லை. பச்சை போதாது என்றது கம்ப்யூட்டர். ஊசி திரையை உற்றுப் பார்த்தாள். மார்க்கெட் கூரைமேல் விரித்திருந்த பச்சைத் தார்ப்பாய் பூங்காக் கணக்கில் சேர்ந்திருந்தது. பாசி பிடித்த நீச்சல் குளம் புல்வெளியாகியிருந்தது. மேயர் வீட்டு முன்னால் வெள்ளோட்டமாகப் பச்சை பெயிண்ட் அடித்துப் போட்ட சைக்கிள் பாதை தோட்டம் என்று பதிவாகியிருந்தது.

“சார், இது பெயிண்டையும் தார்ப்பாயையும் மரம்னு எடுத்துக்குது,” என்றாள்.

“கலரை வச்சுத்தான் மேடம் கணக்கு. உலகம் பூரா இதான் முறை,” என்றார் ஆலோசகர்.

அவளால் அடக்க முடியவில்லை. “அப்புறம் எதுக்கு சார் கஷ்டப்பட்டு மரம் நட்டுக்கிட்டு? ரோடு பூரா பச்சை அடிச்சு விட்டுடலாமே. தண்ணி ஊத்த வேணாம், ஆடு மேயாது, இலை கூட்டுற வேலையும் மிச்சம்.”

சொல்லிவிட்டு நாற்காலியில் சாய்ந்து முகங்களைப் பார்த்தாள். மாநாட்டின் முகத்தில் வெட்கம் வரும் என்று எதிர்பார்த்தாள். வந்தது வெளிச்சம். மனுஷன் மேஜையில் இரண்டு கையையும் ஊன்றி எழுந்தே நின்றுவிட்டார்.

“எல்லா ரோட்டுலயும் சைக்கிள் பாதை,” என்றார் மெதுவாக. “பச்சைக்குப் பச்சையும் ஆச்சு, சைக்கிளுக்கு சைக்கிளும் ஆச்சு. நான் இத்தனை மாநாட்டுக்குப் போயிருக்கேன், ஒருத்தனுக்கும் இது தோணல.”

அன்று சாயங்காலம் மரத்தடியில் முக்காலி போட்டு உட்கார்ந்து இதைச் சொன்னபோது அவள் புருஷன் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். “உன் வாய் இருக்கே, அதுக்கு ஒரு கோயில் கட்டணும்,” என்றார். அவளுக்கு மனசு குளிர்ந்துவிட்டது. இந்த மனுஷன் சிரிப்பதற்காகத்தான் அவள் பாதி நாள் அந்த ஆபீசுக்கே போய்க்கொண்டிருந்தாள்.

அடுத்து ஊரில் நடந்த கூத்தை என்னவென்று சொல்வது. பெயிண்ட் டின்னும் உருளையுமாகக் கூட்டம் கூட்டமாக ஆட்கள் இறங்கினார்கள். சாக்கடை மூடிமேல் அடித்தார்கள், வேகத்தடைமேல் அடித்தார்கள். ஓரத்தில் கார் நின்றால் காரை நகர்த்தச் சொல்லத் துப்பில்லாமல் காரைச் சுற்றி அடித்துவிட்டுப் போனார்கள். கார் போன பிறகு அந்த இடம் கார் உருவத்தில் கறுப்பாகக் கிடந்தது. ஒரு தெருவில் பாதை நேராகப் போய் டிரான்ஸ்பார்மரில் முட்டி, அதற்கு அப்பால் ஒன்றும் நடக்காதது போல மறுபடி ஆரம்பித்தது. சைக்கிளில் போகிறவன் நடுவில் என்ன செய்வான், பறப்பானா? மழை பெய்தால் பெயிண்ட் வழுக்கியது. இதையெல்லாம் கேட்க ஒரு நாதி இல்லை. சைக்கிள் ஓட்டிகள் பழையபடி நடுரோட்டிலேயே போனார்கள். சைக்கிள் பாதையில் கார்கள் நிழல் பார்த்து நின்றன.

திறப்பு விழாவுக்கு மேயரும் அதிகாரிகளும் சைக்கிளில் வருவதாக ஏற்பாடு. ஒருவரிடமும் சைக்கிள் இல்லை. ஊசியின் புருஷனிடம்தான் கேட்டார்கள். அவர் இருந்ததையெல்லாம் துடைத்து, எண்ணெய் போட்டு, ஆளுக்கு ஏற்ப சீட்டை ஏற்றி இறக்கிக் கொடுத்தார். மாநாட்டை ஏற்றி உட்காரவைப்பதற்குள் அவருக்கு மூச்சு வாங்கிவிட்டது. “கால கீழ ஊனாதீங்க சார், மிதிங்க, நான் பிடிச்சிருக்கேன், விடமாட்டேன்,” என்று சீட்டைப் பிடித்துக்கொண்டே பின்னால் ஓடினார். மாநாடு ஹேண்டிலை இறுக்கிப் பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டார். தெரு முனை வந்ததும் எல்லாரும் இறங்கிக் காரில் ஏறிக்கொண்டார்கள். மறுநாள் பேப்பரில் வந்த படத்தில் பின்னால் ஓடியவர் இல்லை. சீட்டைப் பிடித்த விரல்கள் மட்டும் ஓரத்தில் தெரிந்தன. அதைக் காட்டி அவர் ஊரெல்லாம் பீற்றிக்கொண்டார்.

“வெட்கமா இல்லையா உங்களுக்கு?” என்றாள் அவள்.

“எதுக்கு வெட்கம்? ஊருக்கே சைக்கிள் வருது. நம்ம தொழிலுக்கு நல்லதுதானே,” என்றார். அவர் அப்படிப்பட்ட ஆள்.

வெயில் காலம் தொடங்கியதும் ஆலோசகர் இன்னொரு முறை படம் எடுத்துக்கொண்டு வந்தார். இந்த முறை ஊர் பச்சைப் பசேல் என்றிருந்தது. பட்டத்துக்கு ஒரு நூலிழைதான் குறை. அந்த நூலிழையும் எங்கே என்று ஆலோசகர் கோலால் தொட்டுக் காட்டினார். திரையில் நீளமாக ஒரு சிவப்புக் கோடு. பக்கத்தில் ஓர் எண். தெருவின் பெயரைப் போட அவருக்குத் தோன்றவில்லை.

“இங்க பாதை இருக்கு சார். ஆனா மேல சிவப்பா மறைக்குது. சிஸ்டம் இதை ஓட்டு வீடுன்னு எடுத்துக்குது.”

“ரோட்டு ஓரத்துல ஏதுய்யா ஓட்டு வீடு?” என்றார் மாநாடு.

“வீடு இல்ல சார். மரம். பூ பூத்திருக்கு.”

ஊசி படத்தைப் பார்க்கவில்லை. பார்த்திருக்க வேண்டும். படம் போடுவதையே தொழிலாகக் கொண்டவள், அந்த வளைவையும் பக்கத்து மதிலையும் பார்த்த மாத்திரத்தில் அடையாளம் கண்டிருப்பாள். அவள் பார்த்துக்கொண்டிருந்தது மாநாட்டின் முகத்தை. வாய்க்குள் வார்த்தை உருண்டு திரண்டு வந்துவிட்டது. இந்த முறையாவது அந்த முகம் சுருங்குகிறதா பார்ப்போம் என்று அதிலேயே கண்ணாக இருந்தாள்.

“மரத்தை வெட்டிப் போட்டுடுங்க சார்,” என்றாள். “அடியில இருக்கிற பெயிண்ட் பளிச்சுனு தெரியும். பசுமைக்கு இடைஞ்சலா மரம் நிக்கலாமா?”

ஆலோசகர் அதைத் தட்டச்சு செய்துகொண்டார். மாநாடு அடுத்த விஷயத்துக்குப் போனார். அன்று அவள் விட்ட குத்தல்களில் அது சுமாரான ஒன்று. வீட்டுக்குப் போவதற்குள் மறந்தும் போனாள்.

ஞாபகம் வந்தது, வெட்டவேண்டிய மரங்களைக் குறித்து வரைபடம் போடச் சொல்லி உத்தரவு அவள் மேஜைக்கே வந்தபோது. தெருவின் பெயர் அதில் இருந்தது. அவள் இரண்டு முறை படித்தாள். புருஷன் கடை போட்டிருக்கும் தெரு. அதே நேரத்தில் புருஷன் போனில் கூப்பிட்டார்.

“யாரோ வந்து மரத்துல எல்லாம் சுண்ணாம்பால பெருக்கல் குறி போட்டுட்டுப் போறாங்க. என்னன்னு உனக்குத் தெரியுமா?”

“விசாரிக்கிறேன்,” என்றாள்.

“நீ ஒரு வார்த்தை சொல்லு உங்க ஆபீசர்கிட்ட. உன் வாய்க்கு முன்னால எவன் நிப்பான்?”

அவள் போனை வைத்துவிட்டு நேராக மாநாட்டின் அறைக்குப் போனாள். அவர் வரப்போகும் பட்டத்தை எந்தச் சுவரில் மாட்டலாம் என்று பியூனை நாற்காலிமேல் ஏற்றி அளந்துகொண்டிருந்தார்.

“சார், அந்த மரங்களை வெட்டக்கூடாது சார்.”

“நீங்கதானேம்மா சொன்னீங்க. உங்க யோசனைன்னு மேயர்கிட்டயே சொல்லியிருக்கேன். அடுத்தவன் யோசனையைத் திருடற ஆள் இல்ல நான்.”

“அது கிண்டலுக்குச் சொன்னது சார்.”

அவர் லேசாகச் சிரித்தார். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவள் பேச்சுக்கு அவர் சிரித்து அவள் பார்த்ததில்லை.

“பூ இன்னும் கொஞ்ச நாள்ல கொட்டிடும் சார்,” என்றாள் அவள். குரலை அடக்கிக்கொண்டு, கையைக் கட்டிக்கொண்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி நின்று சொன்னாள். “கொட்டினதும் இலை வந்துடும். இலை பச்சைதானே சார். நடுவர் குழுவை அப்ப வரச் சொல்லிட்டா போதும். ஒரு மரத்தையும் தொட வேண்டாம்.”

“மரம் துளிர்க்கிற வரைக்கும் நடுவர் குழு காத்திருக்கணுமா?” மாநாட்டுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “ரொம்ப நல்லாருக்கும்மா. லெட்டர் எழுதுவோம். மரத்துக்கு இன்னும் மூடு வரல, தேதியைத் தள்ளிப் போடுங்கன்னு.”

நாற்காலிமேல் நின்ற பியூனும் சிரித்தான்.

“சார், நான் நிஜமாத்தான் சொல்றேன். என் வீட்டுக்காரர் அங்கதான் கடை போட்டிருக்கார். அவரால வெயில் தாங்க முடியாது. ஏற்கெனவே ஒரு தடவை விழுந்து பிழைச்சவர். அந்த நிழல் போனா அவர் போயிடுவார் சார்.”

“என்ன கடை?”

“சைக்கிள் கடை சார். திறப்பு விழாவுக்கு உங்களுக்கு சைக்கிள் கொடுத்தாரே, பின்னால பிடிச்சுக்கிட்டு ஓடினாரே, அவர்தான்.”

மாநாடு ஒரு கணம் அவளைப் பார்த்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அந்த ஆளுக்கு. “சைக்கிள் பாதைக்காக சைக்கிள் கடையைத் தூக்கறோமா? ஐயோ, எப்படிம்மா உங்களுக்கு மட்டும் இப்படியெல்லாம் வருது?” என்று சொல்லிக்கொண்டே கதவைத் திறந்து ஆலோசகரைக் கூப்பிட்டார். “இங்க வாங்க, இந்த அம்மா சொல்றதைக் கேளுங்க. ஏம்மா, இன்னொரு தடவை சொல்லுங்க. அந்த ‘அவர் போயிடுவார்’னு மூஞ்சியை வச்சுக்கிட்டுச் சொன்னீங்களே, அதே மாதிரி.”

அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் சிரித்திருப்பார்கள். இத்தனை வருஷமாக அந்தக் கட்டிடத்தில் அவளுக்கு வராத கண்ணீர் அன்றைக்கு வந்தது. அதைப் பார்த்து மாநாடு, “நடிப்பு வேறயா,” என்று கை தட்டினார். இவன் முகத்தில் காறித் துப்பினால்கூட அதையும் ஒரு யோசனையாக எடுத்துக்கொள்வான் என்று நினைத்தபடி வெளியே வந்தாள். அருவருப்பாக இருந்தது. அவரைப் பார்த்து மட்டும் இல்லை.

வரைபடத்தை அவள் போடவில்லை. போடாவிட்டால் என்ன, பக்கத்து மேஜைக்காரர் போட்டார். அதில் மதில் எந்தப் பக்கம் என்பதையே தப்பாகப் போட்டார். ஆனால் மரங்களைச் சரியாகக் குறித்தார்.

வீட்டில் புருஷன், “பேசினியா?” என்றார்.

“பேசினேன்.”

“என்ன சொன்னார்?”

“சிரிச்சார்.”

“சிரிச்சாரா? அப்ப ஒண்ணும் ஆகாது,” என்று அவர் நிம்மதியாகச் சாப்பிட்டார். ஊர்க்காரன் ஒவ்வொருவனையும் குத்திக் கிழித்த நாக்கு, வேண்டிய நேரத்தில் ஒட்டிக்கொண்டது.

வெட்டுகிற ஆட்கள் காலையில் லாரியோடு வந்தார்கள். அவள் லீவு போட்டுவிட்டுப் போனாள். போவதற்குள் பாதி மரங்கள் கிடந்தன. தெரு முழுக்கப் பூ. அதன்மேல் லாரி ஏறி ஏறி நசுக்கியிருந்தது. இத்தனை வருஷம் நிழலில் கிடந்த மதில் வெயிலில் கண்ணைக் கூசவைத்தது. ரம்பம் ஒவ்வொரு மரமாகக் கடைசி மரத்தை நோக்கி வந்துகொண்டிருந்தது. புருஷன் மதிலிலிருந்து டயர்களைக் கழற்றிப் பெட்டிமேல் அடுக்கிக்கொண்டிருந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. தலையில் ஒரு ஈரத் துணியைப் போட்டிருந்தார்.

“நீங்க அந்தப் பக்கம் போய் உட்காருங்க, நான் எடுக்கிறேன்,” என்றாள்.

“எந்தப் பக்கம்?” என்றார் அவர். சுற்றிப் பார்த்தார். உட்கார இடம் இல்லை. “எந்த முட்டாப் பயலுக்கு இப்படி ஒரு புத்தி வந்திருக்கும், சொல்லு. பாதையில நிழல் இருந்தா சைக்கிள்ல போறவனுக்குத்தானே நல்லது. இதைக்கூட யோசிக்காத ஒருத்தன் அங்க உட்கார்ந்திருக்கான் பாரு.”

“நான்தான்.”

“என்ன நான்தான்?”

“வெட்டச் சொன்னது நான்தான்.”

அவர் சிரித்தார். காலையிலிருந்து இறுகிப் போயிருந்த முகம் சட்டென்று அவிழ்ந்தது. ரம்பத்துக்காரரைப் பார்த்து, “கேட்டீங்களா அண்ணே, இந்த நேரத்துலயும் இவளுக்கு விளையாட்டு,” என்றார்.

“சிரிக்காதீங்க,” என்றாள். “மீட்டிங்ல சொன்னேன். மரத்தை வெட்டிட்டா பெயிண்ட் தெரியும்னு சொன்னேன். எந்த மரம்னு பார்க்காம சொன்னேன். உங்க மேல சத்தியமா.”

அவர் மேல் அவள் ஒரு நாளும் சத்தியம் செய்ததில்லை. ஆஸ்பத்திரியில் இருந்து வந்த பிறகு அவர் பெயரைக்கூட விளையாட்டுக்கு இழுக்கமாட்டாள். அது அவருக்குத் தெரியும். கையிலிருந்த டயரை மெதுவாகக் கீழே வைத்தார்.

“ஏன் அப்படிச் சொன்னே?”

“எல்லாரும் சிரிப்பாங்கன்னு.”

ரம்பத்துக்காரர் கடைசி மரத்தடிக்கு வந்து, பெட்டியை எடுங்க என்று சைகை காட்டினார். புருஷன் அதைக் கவனிக்கவில்லை. அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“சிரிச்சாங்களா?” என்றார்.

“இல்ல.”

அவர் தலையை ஆட்டினார். ஈரத் துணியைச் சரி செய்துகொண்டு, குனிந்து பெட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்தார். மறுபக்கத்தைப் பிடிக்க அவள் வந்தாள். வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு, தனியாகவே வெயிலுக்குள் இழுத்துக்கொண்டு போனார்.